பால்காரர் கையெழுத்திட்ட பந்து

பிராக்கென்ஷா
மார்ச் 18, 1984, ஞாயிறு

அன்புத் தம்பி ட்ரெவருக்கு,

முதலில் மானம் போகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நல்ல செய்தி வரும் என்று காத்திருக்காதே, வராது.

நம் மீன் வறுவல் கடையில், வினிகர் பாட்டில் அடுக்குகிற பலகைக்கு மேலே, ஏழு வருஷமாக ஒரு கால்பந்து இருக்கிறது. நீ பார்த்திருக்க மாட்டாய். நீ கிறிஸ்துமஸுக்கு வரும்போதெல்லாம் அதை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவேன். போன தடவை நீ செருப்பைத் தேடிக் கட்டிலுக்கடியில் கை விட்டபோது எனக்கு உயிர் போய்த் திரும்பியது.

அந்தப் பந்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'ட்ரெவர் ஹேஸ்லம், ஹோம்பிரிட்ஜ் அணி, மூன்று கோல், 1977.' எழுதினது நான்தான்.

இரு, கத்தாதே. நடந்ததைக் கேள். அன்று சனிக்கிழமை, கடையில் வாசல்வரை கூட்டம். எதிர்க்கடை கம்பளிநூல்காரி டோரா கிரிம்ஷா வரிசையில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன முரியல், உன் தம்பி இந்த வாரம் எந்தக் கிளப்பு? அவன் சட்டையை மாத்துறதுக்குள்ள கிளப்பை மாத்திடுறானே!" என்றாள். வரிசையே சிரித்தது. சிரித்தவர்களுக்கெல்லாம் ரெண்டு உருளைக்கிழங்கு குறைத்துப் போட்டேன், ஆனாலும் மனசு ஆறவில்லை. அந்த நேரம் பார்த்து நீ போன் பண்ணினாய். "அக்கா, இன்னிக்கு ரெண்டு போட்டேன். மூணாவது கம்பத்துல பட்டுத் திரும்பிருச்சு" என்றாய். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். வாய் தானாக, "மூணு!" என்றது. கம்பத்துக்கும் கோலுக்கும் நடுவே எத்தனை அங்குலம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அந்த வாரம் நம்மூர்ப் பத்திரிகைக்காரர்கள் வேலைநிறுத்தம் வேறு. கேட்பார் இல்லை.

டோரா விடுவாளா? திங்கள்கிழமையே வந்துவிட்டாள். "மூணு கோல் போட்டா அந்த ஆட்டத்துப் பந்தையே வீட்டுக்குக் குடுத்துருவாங்களாமே. கூட ஆடினவங்க எல்லாம் கையெழுத்துப் போட்டு. எங்க அந்தப் பந்து?"

"தபால்ல வருது" என்றேன்.

புதன்கிழமை கோயில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பந்து ஒன்று நம் கொல்லையில் வந்து விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "ஆன்ட்டி, எங்க பந்து வந்துச்சா?" என்று கேட்டார்கள். "எந்தப் பந்து?" என்றேன். கடவுள் மன்னிக்கட்டும்.

கையெழுத்துத்தான் கஷ்டமாகிவிட்டது. உன்கூட ஆடினவர்கள் பேர் எனக்கு எப்படித் தெரியும்? பால்காரர் ஆர்னால்டு, பாதிரியார், மீன் மொத்த வியாபாரி, உங்க அத்தான் நெவில் என்று தெரிந்த பேரையெல்லாம் போட்டேன். பத்துடன் சரக்கு தீர்ந்துவிட்டது. பதினொன்றாவதாக நம் பூனை ஸ்மட்ஜ் பேரைப் போட்டேன். நான் பதினாலு வயசோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பது உனக்குத் தெரியும். பதினொரு கையெழுத்தும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இப்போது வினை என்னவென்றால், நம்மூர் கிளப் செயலாளர் ஹார்கிரீவ்ஸ் ரசிகர் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கிறார். அதில் முதல் பொருளாக உன் பந்து வேண்டுமாம். மே 12 கடைசி ஆட்டத்துக்கு உன் வெக்ஸ்கம் அணி இங்கேதான் வருகிறது. ஆட்டம் முடிந்ததும் நடு மைதானத்தில், மைக்கில் பேசி, நீயே உன் கையால் அதைக் கொடுக்க வேண்டுமாம்.

என்ன செய்யட்டும்? திட்டுவதைச் சீக்கிரம் முடித்துவிட்டு வழி சொல்.

உன் அக்கா,
முரியல்

பி.கு. ஏழு வருஷக் கொழுப்புப் புகையில் பந்து மஞ்சளாகிவிட்டது. வாசனையும் அடிக்கிறதாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.


வெக்ஸ்கம்
மார்ச் 24, 1984

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை. மூன்றாம் தடவை எழுந்து போய்க் கடற்கரையில் நடந்துவிட்டு வந்தேன்.

பதினாறு வருஷம். பதினொரு கிளப். நூற்று நாற்பத்தோரு கோல். ஒரே ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டது இருபத்திரண்டு தடவை. மூன்று போட்டது ஒரு தடவைகூட இல்லை. போகாத அந்த மூன்றாவது கோல் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். கிரிம்லியில் கோட்டைத் தாண்டப் போன என் பந்தை எங்கள் ஆள் ஒருவனே காலால் தொட்டுத் தன் பேரில் எழுதிக்கொண்டான். அவன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. டன்ஸ்டெட்டில் மூன்றும் போட்டேன். மூன்றாவது உள்ளே போன அஞ்சாவது நிமிஷம் பனிமூட்டம் இறங்கியது. கோல்கீப்பரைக் காணோம் என்று தேடினார்கள். ஆட்டத்தையே ரத்து செய்தார்கள். போட்டதெல்லாம் போடாததாகிவிட்டது.

இப்படிப் பதினாறு வருஷமாக என்னால் முடியாததை நீ ஒரு புதன்கிழமை சாயங்காலம் பேனாவால் முடித்துவிட்டாய்.

பொய் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை அக்கா. அன்றைக்கு நான் இரண்டு கோல் போட்டேன். சந்தோஷமாகத்தான் போன் பண்ணினேன். டோராவிடம் 'இரண்டு' என்று சொல்ல உனக்கு வெட்கமாக இருந்ததா?

அந்தப் பந்தில் நான் கை வைக்க மாட்டேன். ஹார்கிரீவ்ஸிடம் நீயே உண்மையைச் சொல்லிவிடு. நீ சொல்லாவிட்டால் மே 12 அன்று மைக்கில் நான் சொல்வேன்.

இன்னொன்று. அடுத்த வருஷத்துக்கு எனக்கு ஒப்பந்தம் இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். முழங்காலைப் பார்த்துத்தான் சொன்னார், முகத்தைப் பார்க்கவில்லை. ஆக, மே 12தான் எனக்குக் கடைசி ஆட்டம். அது நம்மூரில் வருகிறது என்று இத்தனை நாள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ட்ரெவர்

பி.கு. அன்றைக்கு மூன்றாவது பந்து பட்டது பக்கத்துக் கம்பத்தில் இல்லை. மேலே போகிற குறுக்குக் கம்பம்.


பிராக்கென்ஷா
ஏப்ரல் 1, 1984

தம்பி ராசா,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்ததில் ஒரு கூடை மீன் கருகிவிட்டது. எனக்கும் தெரியவில்லை, உங்க அத்தானுக்கும் தெரியவில்லை. முப்பது வருஷம் கொழுப்புப் புகையில் நின்று ரெண்டு பேருக்கும் மூக்கு செத்துப்போய்விட்டது. வாடிக்கையாளர் ஒருத்தர் வந்து, "ஏன் முரியல், கடை தீப்பிடிச்சிருக்கா?" என்று கேட்ட பிறகுதான் பார்த்தோம்.

கேட்டாயே ஒரு கேள்வி, வெட்கமா என்று. உன்னை நினைத்து எனக்கு எதற்கடா வெட்கம்? ஒரே கிளப்பில் பத்து வருஷம் உட்கார்ந்தவனுக்குப் பாராட்டு ஆட்டம் வைக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனாய். எங்கே கோல் போட்டாயோ, அடுத்த வருஷம் அந்த ஊரில் நீ இல்லை. எந்த ஊர் அலமாரியிலும் உன் பேரில் ஒரு பொருள் கிடையாது. என் வினிகர் பலகையிலாவது இருக்கட்டுமே என்று தோன்றியது. அவ்வளவுதான். இதற்கு மேல் அழுகிற மாதிரி எழுத எனக்கு வராது.

அது போகட்டும். நீ சொன்னபடி ஹார்கிரீவ்ஸிடம் உண்மையைச் சொல்லப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மீன் வாங்க வந்தார்.

"ஹார்கிரீவ்ஸ், அந்தப் பந்து விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"நானும் சொல்லணும் முரியல்! பித்தளைத் தகடு வந்துருச்சு. பேரெல்லாம் வெட்டியாச்சு. நேத்து ராத்திரி அதைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கினேன்னா பாத்துக்கோயேன்!"

அவர் கண்ணில் தண்ணீர். உன்னை நினைத்தா, கையிலிருந்த வெங்காய ஊறுகாயினாலா தெரியாது. ஊறுகாய் இன்னும் கொஞ்சம் வைத்து அனுப்பினேன்.

உட்கார்ந்து யோசித்தேன். ஒரே வழிதான் இருக்கிறது. மே 12 அன்று நீ மூன்று கோல் போட்டுவிடு. நிஜப் பந்தைப் பெட்டியில் வைத்துவிடலாம். பொய்ப் பந்தை யாரும் கேட்க மாட்டார்கள். பதினாறு வருஷமாக முடியாததை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கச் சொல்கிறேன் என்று தெரியும். ஆனால் நீ எப்போதுமே பரீட்சைக்கு முதல் நாள்தானே படிப்பாய்?

அப்புறம், பதினொரு கிளப் என்று எழுதியிருந்தாய். ஒரு அணிக்கு ஆள் சேர்ந்தாச்சுடா! மாற்று ஆட்டக்காரனுக்குத்தான் இன்னும் ஒன்று வேண்டும்.

முரியல்


வெக்ஸ்கம்
ஏப்ரல் 15, 1984

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் நடுவில் வந்த பத்தியைப் படித்தேன். அதைப் பற்றி எனக்கும் எழுத வராது. விடு.

நீ ஒன்றை மறந்துவிட்டாய். மூன்று கோல் போட வேண்டுமென்றால் முதலில் ஆட்டத்தில் இறங்க வேண்டும். பிப்ரவரியிலிருந்து நான் பன்னிரண்டாம் நம்பர். மாற்று ஆட்டக்காரன். ஓரத்தில் பெஞ்சில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முடிய அஞ்சு நிமிஷம் இருக்கும்போது என்னை எழுப்புவார்கள். அஞ்சு நிமிஷத்தில் இந்த முழங்கால் சூடாவதே பெரிய விஷயம்.

எங்கள் மேனேஜருக்கு வயது இருபத்தொன்பது. என்னைவிட ஆறு வயது சின்னவர். என்னை 'சார்' என்று கூப்பிடலாமா வேண்டாமா என்ற குழப்பம் அவர் முகத்தில் எப்போதும் இருக்கும். பதினாறு வருஷத்தில் எந்த மேனேஜரிடமும் 'என்னை இறக்கு' என்று நான் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை கதவைத் தட்டிப் போய்க் கேட்டுவிட்டேன்.

"என்ன ட்ரெவர், திடீர்னு? பிராக்கென்ஷா ஆட்டத்துல நமக்கு ஒண்ணுமே இல்லையே. நாமளும் மேல் டிவிஷனுக்கு ஏறப் போறதில்லை, அவங்களும் கீழ இறங்கப் போறதில்லை."

"எங்க அக்கா அங்க மீன் கடை வச்சிருக்காங்க."

பேனாவை மூடி வைத்தார்.

"சரி. அதனால?"

"அதனாலதான்."

ஜன்னலைப் பார்த்தார். மேஜையில் இருந்த காகிதங்களை ஒரு தடவை அடுக்கினார். "பாக்கலாம்" என்றார். முன்னால் இருந்த பத்து மேனேஜர்கள் 'கண்டிப்பா' என்று சொல்லிவிட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது 'பார்க்கலாம்' கொஞ்சம் நம்பிக்கையாக இருக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. மூன்று போட்டால் நீ சொன்னபடி. போடாவிட்டால் மைக்கில் உண்மையைச் சொல்வேன், அப்போது நீ என் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். பின்கட்டில் போய் உருளைக்கிழங்கு உரிக்கிறேன் என்று நழுவக் கூடாது. சம்மதமா?

நான் இப்போது பயிற்சி முடிந்தும் ஒரு மணி நேரம் தங்கி, காலி கோலில் பந்து அடித்துக்கொண்டிருக்கிறேன். மைதானக் காவலாளி, "ஏம்ப்பா, வீட்டுல சண்டையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ட்ரெவர்


பிராக்கென்ஷா
மே 6, 1984

டேய் கடைசி ஆட்டக்காரா,

சம்மதம். ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் பக்கத்தில் நின்றாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பேன்.

ஊரில் எல்லா ஏற்பாடும் நடக்கிறது. ஹார்கிரீவ்ஸ் மைக்கை மூன்று தடவை சோதித்துவிட்டார். மூன்று தடவையும் வேலை செய்யவில்லை, அதனால் சந்தோஷப்பட்டேன். நாலாவது தடவை செய்துவிட்டது. டோரா கிரிம்ஷா வாழ்க்கையில் முதல் தடவையாக மைதானத்துக்கு வரப் போகிறாளாம். "உன் தம்பி பந்தைக் குடுக்கிறதைப் பாக்காம இருக்க முடியுமா முரியல்?" என்றாள். அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்மூர் அணியில் உன்னைப் பிடித்து நிறுத்தப் போகிறவன் மால்கம். கதவு மாதிரி இருப்பான், தெரியுமில்லையா? அவன் தினமும் நம் கடைக்குத்தான் வருகிறான். மூன்று வாரமாக அவனுக்கு மீன் ரெண்டு மடங்கு, உருளைக்கிழங்கு மூன்று மடங்கு, பட்டாணிக் கூழ் தனியாக ஒரு கிண்ணம். "எதுக்கு முரியலக்கா இவ்வளவு?" என்றான். "நம்மூர்க்காரன் நல்லா சாப்பிட வேணாமாடா?" என்றேன். நேற்று கடை வாசலில் திரும்பும்போது கதவில் இடித்துக்கொண்டான். போன மாதம் அந்த வாசலில் தாராளமாகத் திரும்பினவன்.

இது தப்பு என்று நீ எழுதுவாய். எழுதுவதற்குள் அவன் இன்னொரு தட்டு சாப்பிட்டிருப்பான்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து உங்க அத்தான் ராத்திரி தூக்கத்தில் பந்து உதைக்கிறார். என் காலில்தான் படுகிறது. அந்த மனுஷன் பேசுவதே குறைவு, உனக்குத் தெரியும். நேற்று மாவு கரைத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்து, "மூணு போட்டுருவான்" என்றார். திரும்ப மாவு கரைக்கப் போய்விட்டார்.

போட்டுவிடு ராசா.

முரியல்


வெக்ஸ்கம்
மே 14, 1984

அக்காவுக்கு,

பஸ் கிளம்பும்போது ஜன்னலைத் தட்டி, "நான் பாக்கலடா, எழுதி அனுப்பு!" என்று கத்தினாய். பெண்கள் கழிவறையில் அரை மணி நேரம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படிப் பார்ப்பாய்? சரி, எழுதுகிறேன்.

மேனேஜர் என்னை ஆரம்பத்திலேயே இறக்கிவிட்டார், முதல் கோலை நீ பார்த்தாய். உங்கள் கோல்கீப்பர் உதைத்த பந்து என் முதுகில் பட்டு அவர் தலைக்கு மேலேயே திரும்பிப் போய் உள்ளே விழுந்தது. ரெஃபரி என் பேரை எழுதிக்கொண்டார். நான் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது சுத்தமான தலையடி. மால்கம் என்னோடு சேர்ந்து எம்ப வேண்டும். எம்ப வேண்டும் என்ற எண்ணம் அவர் முகத்தில் தெரிந்தது. அதற்குக் கீழே எதுவும் அசையவில்லை. நீ செய்தது தப்புதான். நன்றி.

எண்பதாவது நிமிஷம். நாங்கள் இரண்டு, நீங்கள் ஒன்று. என் முன்னால் காலி கோல். ஆறடி தூரம். கோல்கீப்பர் தரையில் கிடக்கிறார். அடித்தேன். குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நீ எழுந்து ஓடியது அப்போதுதான். ஓடுவதைப் பார்த்தேன். எனக்கும் உன் பின்னாலேயே ஓடி வர வேண்டும் போலிருந்தது.

பிறகு நடந்தது இதுதான். எண்பத்தெட்டாவது நிமிஷம் உங்களுக்கு ஒரு கார்னர். மேனேஜர் எல்லாரையும் பின்னால் வரச் சொன்னார், நானும் எங்கள் கோலுக்கு முன்னால் வந்து நின்றேன். பந்து வந்தது. மால்கம் விழுந்தார். அவர் விழுந்ததில் நான்கு பேர் விழுந்தார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். பந்து இந்த முழங்காலில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே போய்விட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக மூலை பார்த்து ஒரு பந்தும் போனதில்லை.

இரண்டுக்கு இரண்டு. பிறகு ஆர்னால்டு குரல் என்று நினைக்கிறேன், "ஏய், இவன் மூணு போட்டுட்டான்டா!" என்றது. அவ்வளவுதான். ஊரே "மூணு! மூணு!" என்று கத்த ஆரம்பித்தது. எங்கள் ஆட்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

விசில் அடித்ததும் ரெஃபரி பந்தை அக்குளில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். நோட்டைத் திருப்பிக் காட்டினார். "ஹேஸ்லம், ஹேஸ்லம், ஹேஸ்லம். என் புஸ்தகத்துல மூணு தடவை உங்க பேருதான் இருக்கு. எந்தப் பக்கம் போட்டா பந்து குடுக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் எழுதலை. பிடிங்க." அவர் சிரிக்கவே இல்லை.

இரண்டு அணியும் கையெழுத்துப் போட்டார்கள். மேனேஜர் போடும்போது மட்டும், "உங்க அக்கா கடை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

இருந்தாலும் மைக் பக்கத்தில் போனதும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒன்று எங்கள் கோலிலேயே போட்டது அல்லவா? நிபந்தனை நிபந்தனைதான் என்று, ஹார்கிரீவ்ஸ் மூடி வைத்திருந்த துணியை விலக்கி, அந்த மஞ்சள் பந்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நிற்கச் சம்மதித்த நீ கழிவறைக்குள் ஒலிபெருக்கியில் கேட்டிருப்பாய். கேட்காதது இதுதான். யாருமே ஆச்சரியப்படவில்லை. ஆர்னால்டு எழுந்து, "என் கையெழுத்து எனக்குத் தெரியாதா ட்ரெவரு? ஏழு வருஷமா அதைப் பாத்துக்கிட்டேதான் மீன் வாங்குறேன்!" என்றார். பாதிரியார் தனக்கும் தெரியும் என்று கை தூக்கினார். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது அக்கா. உன்னிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் டோராவைப் பார்த்தேன். "அந்தப் பூனை பேரு எழுதியிருக்கிறதைப் படிக்கத்தான் வாரத்துக்கு ரெண்டு தடவை வரிசையில நிக்கிறேன்" என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கைதட்டினாள். கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

ஹார்கிரீவ்ஸ் தகட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று விழாவை 19க்குத் தள்ளிவைத்தது உனக்குத் தெரியும். 'மூன்று கோல், இரண்டு பக்கம்' என்று வெட்டச் சொன்னேன். புதுப் பந்து உன்னிடம் இருக்கிறது. பத்திரமாகக் கொண்டுபோய் வை. அந்தப் பழைய பந்து மட்டும் இனி கடையில் இருக்கக் கூடாது. நிஜமும் பொய்யும் ஒரே பலகையில் எனக்கு வேண்டாம். அத்தானிடம் சொல்லி அதை வாய்க்காலில் போட்டுவிடு.

பக்கத்து ஊர்ச் சின்னக் கிளப் ஒன்று ஆகஸ்டிலிருந்து ஒரு மாதம் வந்து பார் என்று கூப்பிடுகிறது. ஆமாம், பன்னிரண்டாவது. சிரி.

நூற்று நாற்பத்து மூன்று. அந்தக் கடைசி ஒன்றை எதில் சேர்ப்பது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

ட்ரெவர்


பிராக்கென்ஷா
மே 20, 1984

அன்புத் தம்பி ட்ரெவருக்கு,

விழா நேற்று நல்லபடியாக நடந்தது. மழை இல்லை. ஹார்கிரீவ்ஸ் இருபது நிமிஷம் பேசினார். அதில் உன்னைப் பற்றி ஆறு நிமிஷம், கண்ணாடிப் பெட்டி செய்த தச்சரைப் பற்றிப் பதினாலு நிமிஷம். மால்கம் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மெலிவதற்காக இப்போது அவன் நம் கடைக்கு வருவதில்லை. வியாபாரம் கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது.

பன்னிரண்டாவது கிளப்புக்குச் சிரித்தேன். டோராவிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். ஏழு வருஷமாக ஊரே என்னை வேடிக்கை பார்த்ததற்கு இரண்டு நாள் யாருக்கும் வெங்காய ஊறுகாய் வைக்கவில்லை. மூன்றாம் நாள் மறந்துபோய் வைத்துவிட்டேன்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். உன் பந்தில் தூசி படக் கூடாது என்று பழைய செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி மேஜையில் வைத்தேன். பழைய பந்தை வாய்க்காலுக்குக் கொண்டுபோகும்போது நாலு பேர் பார்த்துக் கேலி பண்ணக் கூடாது என்று அதையும் தாளில் சுற்றி அதே மேஜையில் வைத்தேன். எதை எடுத்தாலும் தாளில் சுற்றுகிற கைதானே இது. அப்புறம் கடையில் கூட்டம் வந்துவிட்டது. உள்ளே பார்த்து, "என்னங்க, ரெண்டுல கொழுப்பு வாசனை வர்றதை எடுத்து வாய்க்கால்ல போட்டுருங்க" என்று சொன்னேன்.

உங்க அத்தான் ரெண்டையும் மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்த்தாராம். நன்றாக முகர்ந்து பார்த்ததாகச் சொல்கிறார்.

கூடத்தில் ஹார்கிரீவ்ஸ் தாளைப் பிரித்து, பந்தைப் பெட்டியில் வைத்து, பூட்டினார். கூட்டத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பழகிப்போய்விட்டது போலிருக்கிறது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் தன் மகள் வீட்டுக்கு மூன்று வாரம் தங்கக் கிளம்பிப் போய்விட்டார். அதற்கப்புறம்தான் நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பக்கம் தெரிகிற கையெழுத்து ஸ்மட்ஜ்.

உன் பந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்றாவது மதகைத் தாண்டியது என்று படகுக்காரர் ஒருவர் சொன்னார். உங்க அத்தானிடம் கேட்டேன். "நல்லா மிதந்துச்சு" என்றார்.

தகடு மிகவும் அழகாக இருக்கிறது. பால்காரர் ஆர்னால்டு இன்று காலையில் பால் ஊற்றிவிட்டுப் போகும் வழியில் நின்று, பந்தில் தன் பேரை ஒரு தடவை படித்துவிட்டுப் போனார். இனி தினமும் வருவாராம்.

உன் அக்கா,
முரியல்